கைகுலுக்க வந்தவன்

அன்புள்ள தம்பிக்கு,

‘தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்’ (வென்றவருக்கே எல்லாம்) பாடலைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்தேன். ஸ்வீடனின் அபா இசைக்குழுவில் தம்பதியராக இருந்த இருவர் பிரிந்த கதை அதன் பின்னால் இருப்பதால்தான் 1980 முதல் இன்றுவரை உலகம் அதைக் கேட்கிறது என்கிறாய். பியோர்ன் உல்வேயஸ் எழுதிய சொற்களை, அவரிடமிருந்து பிரிந்துவிட்ட அக்னெத்தா ஃபெல்ட்ஸ்கோக் பாடினார் என்பது உண்மையே. ஆனால் தங்கள் பிரிவில் வென்றவர் எவரும் இல்லை என்று பியோர்னே சொல்லியிருக்கிறார். 2008-இல் வந்த ‘மம்மா மியா’ திரைப்படத்தில் மெரில் ஸ்ட்ரீப் இதையே வேறொரு கதைக்குள் வைத்துப் பாடியபோதும் அரங்கில் கண்கள் கலங்கத்தான் செய்தன. அந்த மணவிலக்குச் செய்தி அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

மெட்டைக் கவனித்துப் பார். பாடல் முழுவதும் இரண்டே துண்டுகள் மாறி மாறி வருகின்றன. இத்தகைய பாடல்களின் நடுவில் வழக்கமாக வந்து, கேட்பவரைச் சற்றே வேறிடத்துக்கு அழைத்துப் போகும் மூன்றாவது பகுதி இதில் கிடையாது. துக்கம் விசாரிக்க வருகிறவர் ஒவ்வொருவரிடமும் நடந்ததை முதலிலிருந்து சொல்லி, சொல்லி முடித்ததும் மீண்டும் முதலுக்கே திரும்புகிறவர்களை நீயும் பார்த்திருப்பாய். இந்த மெட்டு அவர்களைப் போன்றது. தன்னைவிட்டுப் போனவனிடம், பேச விருப்பமில்லை என்று தொடங்குகிற அந்தப் பாடலின் பெண் ஏறத்தாழ 5 நிமிடங்கள் பேசுகிறாள்.

தெய்வங்கள் தாயம் உருட்டுவது, நடுவர்கள் தீர்ப்பளிப்பது போன்ற வரிகள் எனக்குச் சற்று அலங்காரமாகவே படுகின்றன. ஆனால் அவற்றுக்கு நடுவே, புதிதாக வந்தவளின் முத்தமும் என் முத்தத்தைப் போன்றதுதானா என்று திடீரெனக் கேட்டுவிடுகிறாளே, அந்த ஒரு கேள்வியில் மானமெல்லாம் நழுவிப் போகிறது. பிறகு வாத்தியங்கள் ஒதுங்கிக்கொள்ள, குரல் தணிந்து, தன் பதற்றம் அவனைச் சங்கடப்படுத்தினால் மன்னிக்கும்படி வேண்டுகிறாள். அவன் வந்திருப்பதோ கைகுலுக்கி விடைபெற. உயிராக இருந்தவன் விருந்தாளியாகிவிட்டான். விருந்தாளியிடம் காட்ட வேண்டிய மரியாதையை அவளும் தவறாமல் காட்டுகிறாள். அழுது புலம்பும் எத்தனையோ பாடல்கள் எனக்குச் சலித்துவிட்ட பிறகும் இது சலிக்காமல் இருப்பதற்கு இந்த மரியாதைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை கேட்கும்போது கடைசி நொடிவரை நிறுத்தாமல் கேள். பாட்டுக்கு முத்தாய்ப்பு கிடையாது. ஒலி தேய்ந்து மறைகிறபோதும் அவள் பாடிக்கொண்டுதான் இருக்கிறாள்.

அன்புடன்,
அண்ணன்