மகளுக்கு: துறைகளைச் சேர்த்துப் படிப்பது பற்றி

அன்பு மகளுக்கு,

பண்டைய சேரர் துறைமுகமான முசிறியின் வணிகத்தை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு சங்கப் பாட்டு, அகழாய்வு, பாப்பிரஸ் (பழைய நாணல் தாள்) ஆவணம் மூன்றையும் சேர்க்கப்போவதாக எழுதியிருந்தாய். மிகவும் மகிழ்ந்தேன். ஆனால் எந்த நம்பிக்கையில் சேர்க்கிறாய் என்பதை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடு அம்மா. மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது.

1920களின் வியன்னா வட்டத்தார் என்னும் மெய்யியலாளர் குழுவினர் அறிவு முழுவதும் ஒன்றே என்றார்கள். அப்படிப் பார்த்தால் யவனர் (கிரேக்க, ரோம வணிகர்) கலம் ‘பொன்னொடு வந்து கறியொடு (மிளகோடு) பெயரும்’ என்னும் அகநானூறு 149, எகிப்தின் பெரெனிகேத் துறைமுகத்தில் இந்திய ஜாடியில் கிடைத்த சுமார் 7.5 கிலோ மிளகு, முசிறியைக் குறிப்பிடும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் கடன் ஒப்பந்தம் எல்லாம் ஒரே கணக்கில் ஏறும் வரவுகள். சரக்கு, அளவு, காலம் பற்றிய கேள்விகளுக்கு இது நன்றாகவே உதவும்.

பாட்டுக்கு இது போதாது. 149 பாலைத்திணை, அதாவது பிரிவைப் பாடுவது. எவ்வளவு பொருள் கிடைத்தாலும் இவளைப் பிரிந்து வரமாட்டேன் என்று தலைவன் தன் நெஞ்சுக்குச் சொல்கிறான். அவள் கண்ணுக்கு உவமை பரங்குன்றத்துச் சுனையில் பூத்த நீலம். அந்தக் குன்றுக்கு அடையாளம் கூடல், அதாவது மதுரை. கூடலுக்கு உரியவன் பாண்டியன் செழியன். அவன் வளைத்த ஊர் முசிறி. அத்தனை தொலைவு தள்ளி நிற்கும் வரியைச் சுங்கப் பதிவேடாக வாசித்தால் பாட்டும் போய்விடும், சான்றும் பலவீனமாகும். இயற்கையை விளக்குகிறோம், மனிதரைப் புரிந்துகொள்கிறோம் என்று ஜெர்மன் மெய்யியலாளர் டில்தாய் 1894இல் பிரித்தது இங்கே பொருந்தும். பனுவல்களைப் புரிந்துகொள்வது பற்றி எழுதிய மெய்யியலாளர் காடமர் எனக்கு இன்னும் நெருக்கம்: ஒவ்வொரு பனுவலும் எந்தக் கேள்விக்குப் பதிலாக எழுந்தது என்று முதலில் கேட்கச் சொல்கிறார். ஒப்பந்தத்தின் கேள்வி கடனை யார், எப்போது அடைப்பது என்பது. பாட்டின் கேள்வி பிரிவதா, இருப்பதா என்பது. அறிவுத்துறைகளின் வரலாற்றை ஆராய்ந்த பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோவை இப்போது ஒரு பத்திக்குமேல் இழுக்காதே. துறை எல்லைகள் எப்படி உருவாயின என்பது தனி ஆய்வு.

பெரும்பாலும் தவறுவது சான்றின் இடத்தையும் காலத்தையும் கணிப்பதில். நூல்களின் துணையோடு கேரளத்துப் பட்டணத்தை முசிறி என்று அடையாளம் காண்பார்கள். பிறகு அங்கே கிடைத்த ஆம்போரா (ரோமானிய இருபிடிச் சாடி) ஓடுகளைக் காட்டி நூல்கள் சொன்னது உண்மை என்பார்கள். அது வட்டவாதம். ஆகவே ஒவ்வொரு சான்றுக்கும் தனித்தாள் வை: காலமும் இடமும் எதனால் தெரிந்தன, யார் யாருக்காக எழுதியது, எந்த மண் படிவில் கிடைத்தது. ஒரு தாளின் காலமோ இடமோ இன்னொரு தாளை நம்பி நின்றால் சிவப்பு மையால் குறி. அந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று சாட்சியாக வைக்காதே.

தாள்கள் முடிந்ததும் அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா