கன் லேசுதான், ரவுண்டு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல சினூக் ஹெலிகாப்டருக்கு அடியில ஒரு கன், அதாவது வண்டியில கட்டி இழுக்கற பீரங்கி, தொங்கிட்டுப் போற படம் போட்டிருந்தீங்க, படம் அருமை. அதை என் மச்சான் போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பி, "மாமா, நீங்க கஷ்டப்பட்ட மாதிரி இனிமே யாரும் கஷ்டப்பட வேணாம், அலேக்கா தூக்கிட்டுப் போய் மலை மேல வச்சிடுவாங்க"ன்னு வாய்ஸ் மெசேஜ் வேற. அவனுக்கு பதில் சொல்ல ஆரம்பிச்சது இப்படி உங்களுக்கு லெட்டரா வந்து நிக்குது.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நம்ம பேப்பர்கள்ல டேங்கும் பீரங்கி, கன்னும் பீரங்கி. படிக்கிறவன் எப்படிங்க கண்டுபிடிப்பான்?

படத்துல இருக்கறது எம்777ங்கற கன், குழாயோட உள்விட்டம் 155 எம்எம். 2016 நவம்பர்ல அமெரிக்காகிட்ட 145 வாங்க கையெழுத்துப் போட்டாங்க, கிட்டத்தட்ட 5,000 கோடி. டைட்டானியத்துல செஞ்சதால மொத்த வெயிட்டே 4,200 கிலோ சொச்சம்தான். நம்ம பழைய 155 எம்எம் போஃபர்ஸ் கன் பத்து டன்னுக்கு மேல, அதை ரோட்டை விட்டு ரொம்ப தூரம் நகர்த்த முடியாது. ஆக கன் லேசாகிடுச்சு, அதுல எனக்கு சந்தோஷம்தான்.

ஆனா கன்னை மட்டும் கொண்டு போய் வச்சா அது வெறும் இரும்புக் குழாய். 155 எம்எம் ஷெல், அதாவது குண்டு, ஒண்ணு 43 கிலோ, அதைத் தள்ளற மருந்து சார்ஜ், அதை வெடிக்க வைக்கற ஃபியூஸ் எல்லாம் தனி. நூறு ஷெல் சேர்ந்தா ஒரு கன்னோட வெயிட் வந்துடும், சண்டைன்னு வந்தா நூறு ரவுண்டு, அதாவது நூறு தடவை சுடற குண்டு, எந்த மூலைக்கு? அதுவும் உயரத்துல காத்து லேசாகிடும், கீழ தூக்குற வெயிட்டை ஹெலிகாப்டர் அங்க தூக்காது. ஒரு கன்னுக்கு ஒரு டிரிப், அதுக்கப்புறம் அது பசிக்கு எத்தனை டிரிப்புன்னு யாரும் கேக்க மாட்டேங்கறாங்க.

நான் இருந்தது 105 எம்எம் லைட் ஃபீல்ட் கன்ல. கன் 2,400 கிலோ கிட்ட, 17 கிலோமீட்டர் அடிக்கும், ஷெல் 16 கிலோ. கேக்க லேசு. ரோடு முடியுற இடத்துல இருந்து கன் பொசிஷனுக்கு அந்த ஷெல் பெட்டிய தோள்ல வச்சு ஏறினவனுக்குத் தெரியும், இருபது அடி நடந்தா மூச்சு வாங்கும், நின்னு நின்னுதான் போகணும், கையுறை இல்லாம ஷெல்லைத் தொட்டா சில்லுன்னு தோல் ஒட்டிக்கும். இன்னொண்ணு, லேசான கன்னு சுட்டா துள்ளும். அது பின்னாடி ஓடாம இருக்க கன்னோட வால்ல இருக்கற ஸ்பேடு, மண்வெட்டி மாதிரி தகடு, மண்ணுக்குள்ள நல்லா இறங்கணும், அங்க தரை உறைஞ்சு கல்லா கிடக்கும், கடப்பாரை போட்டா தீப்பொறிதான் வரும். முதல் நாலு ரவுண்டுக்கு ஒவ்வொண்ணா கன்னைத் திரும்ப இழுத்து நேர் பண்ணிட்டே இருந்தோம்.

1982ல ஃபாக்லாந்து தீவுக்காக இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் போட்ட சண்டையைப் பாருங்க. இங்கிலாந்துக்காரன் கொண்டு போனது 105 எம்எம் லைட் கன், ரெண்டு டன் கூட இல்ல, முப்பது கன். மே 25ல அட்லாண்டிக் கன்வேயர்ங்கற கப்பலை அர்ஜென்டினா ஏவுகணை அடிச்சு அதோட மூணு சினூக் போச்சு, மிஞ்சினது ஒரே ஒரு சினூக். மூணு நாள் கழிச்சு கூஸ் கிரீன்ங்கற ஊர்ல 2 பாராங்கற இங்கிலாந்து பாராசூட் பட்டாலியன் இறங்கி அடிச்சப்போ அவங்களுக்குக் கொண்டு வர முடிஞ்ச கன் எத்தனை தெரியுமா, மூணு. கடைசி நாள் சண்டைகள்ல ஒரு கன்னு ஒரே நாள்ல 400 ரவுண்டு வரைக்கும் சுட்டிருக்கு. 16ஆல பெருக்கிப் பாருங்க, 6,400 கிலோ, கன்னை விட மூணு மடங்கு, அதுவும் ஒரு நாளைக்கு!

155 வேணாம்னு நான் சொல்லல. பாறைக்குள்ள பங்கர் கட்டி உக்காந்திருக்கறவனை 105 பெருசா ஒண்ணும் பண்ணாது, கார்கில்ல போஃபர்ஸ் பண்ண வேலை ஊருக்கே தெரியும். எல்லாத்தையும் 155 ஆக்கணும்ங்கற திட்டம் 1999ல இருந்தே இருக்கு. ஆனா பாராசூட்ல குதிக்கற பசங்களுக்கும், ராத்திரியோட ராத்திரியா கிளம்பற பிரிகேடுக்கும் அதையே கட்டணும்னா யோசிக்கணும். அதே ஹெலிகாப்டர் அதே டிரிப்புல 105 ரவுண்டு ரெண்டரை மடங்குக்கு மேல கொண்டு வரும். பழைய கன்னை ஓரங்கட்டறதுக்கு முன்னாடி, சில கன் சேர்ந்த ஒரு பேட்டரிக்கு மூணு நாள் சண்டைக்கு எத்தனை சார்ட்டி, அதாவது ஹெலிகாப்டர் டிரிப், வேணும், அத்தனை சினூக் நம்மகிட்ட இருக்கான்னு கணக்குப் போடணும், வாங்கினதே மொத்தம் 15.

மச்சானுக்கு இதெல்லாம் சொன்னேன், தம்ஸ்அப் ஒண்ணு போட்டு விட்டுட்டான். நீங்களாவது அடுத்த தடவை கன் தொங்கற படம் போட்டா, பின்னாடியே வலையில தொங்கிட்டு வர்ற ரவுண்டு படத்தையும் சேர்த்துப் போடுங்க சார்.

இப்படிக்கு,
முன்னாள் பீரங்கிப் படை ஹவில்தார்,
வேலூர் மாவட்டம்.