சோப்பும் கேலிச்சித்திரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வார இதழ்களின் நகைச்சுவை பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரை, அவற்றின் விளம்பரங்களைத் தொடாமலே முடிந்துவிட்டது ஒரு குறைதான். லண்டனில் 1841இல் தொடங்கிய 'பஞ்ச்' இதழில், 1884ஆம் ஆண்டு ஹாரி ஃபர்னிஸ் வரைந்த கேலிச்சித்திரம், நகைச்சுவைக்கும் விளம்பரத்துக்குமிடையே இருந்த உறவுக்கு நல்ல சான்று. பேர்ஸ் சோப்பைப் பயன்படுத்தத் தொடங்கியபின் மற்ற சோப்புகளையெல்லாம் கைவிட்டுவிட்டதாக நடிகை லில்லி லாங்ட்ரி அந்நாளில் விளம்பரங்களில் நற்சான்று வழங்கிவந்தார். ஃபர்னிஸோ, கந்தலாடையும் பரட்டைத் தலையுமாக ஓர் அழுக்கு நாடோடியைப் பேனாவும் கையுமாக உட்காரவைத்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன் உங்கள் சோப்பைப் பயன்படுத்தினேன், அதன்பின் வேறெதையும் தொட்டதில்லை என்ற பொருளில் நற்சான்று எழுதவைத்தார். நிறுவனம் கோபித்துக்கொள்ளவில்லை, அந்தச் சித்திரத்தையே தன் விளம்பரமாக்கிக்கொண்டது. லாங்ட்ரியின் அழகு எத்தனை சோப்புகளை விற்றதோ, நானறியேன். நாடோடியின் அழுக்கு அதற்குச் சளைத்ததாக இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

அக்கால இதழ்களைத் தொகுத்து பைண்டு செய்தவர்கள் விளம்பரத் தாள்களைப் பெரும்பாலும் கிழித்தெறிந்துவிட்டார்கள். எஞ்சியவற்றைப் பற்றியாவது ஒரு கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்