மின் ஒப்பந்ததாரர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆண்டு முழுக்க நம்மை அலைக்கழித்தது, லைசென்ஸை இரவல் கொடுக்கும் பழக்கம்தான். அதைப் பற்றியே அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

1956 இந்திய மின்சார விதிகளின் 45-ஆம் விதி தொட்டு, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் வயரிங் வேலை செய்ய வேண்டும், தகுதிச் சான்று பெற்றவர் அதை நேரில் மேற்பார்க்க வேண்டும் என்பதே சட்டம். பல்பு, ஃபியூஸ் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளுக்குத்தான் விலக்கு. நடப்பது வேறு. மேஸ்திரி கூட்டிவரும் ஆள் பைப் புதைத்து, ஒயர் இழுத்து, பெயின்ட்டும் அடித்தான பிறகு, புது இணைப்புக்கு டெஸ்ட் ரிப்போர்ட் (வயரிங்கைச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று ஒப்பந்ததாரர் எழுதித் தரும் அறிக்கை) வேண்டுமென்று நம்மிடம் கையெழுத்துக்கு வருகிறார்கள். சிலர் போட்டும் கொடுக்கிறார்கள்.

மழைக்காலத்தில் ஒரு புது வீட்டில் கீசர் குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று கூப்பிட்டார்கள். துணைத் தலைவரும் நானும் போனோம். பாத்ரூம் சுவிட்ச் பாக்ஸைக் கழற்றினால், பச்சை எர்த் ஒயர் எதிலும் சேராமல் மடித்துச் செருகிக் கிடந்தது. ஒயரின் மேலுறை மின்சாரத்தைக் கசியவிடாமல் காக்கிறதா என்று சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் கருவியை வைத்தோம். ஒரு மெகாஓமாவது காட்ட வேண்டிய முள் பூஜ்யத்திலேயே நின்றது; மின்சாரம் கசிகிறது என்று அர்த்தம். டெஸ்ட் ரிப்போர்ட்டில் எல்லாம் சரி என்று எழுதி முத்திரை குத்தியிருந்தது. கையெழுத்துப் போட்டவர் அந்த வாசலையே மிதித்ததில்லை என்றார் வீட்டுக்காரர். குழந்தையை அந்த பாத்ரூமில்தான் குளிப்பாட்டுகிறார்கள்.

லைசென்ஸ் இல்லாத தம்பிகளை விரட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பலர் நம்மிடமே வேலை கற்றவர்கள். 21 வயது நிறைந்து 5 ஆண்டு வயரிங் அனுபவம் இருந்தால் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதலாம். அதற்குரிய அனுபவச் சான்றைக் கொடுக்க நம்மில் பலர் தயங்குவது நியாயமில்லை. சான்று வாங்கினால் பையன் தனியே போய்விடுவான் என்ற பயம் வேண்டாம். இவ்வாண்டு சங்க அலுவலகத்திலேயே விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தோம், கட்டுமானத் தொழிலாளர் நலவாரியப் பதிவுக்கும் உதவினோம். வரும் ஆண்டும் இது தொடரும்.

நேரில் சோதிக்காமல் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்திடும் உறுப்பினரைச் சங்கத்திலிருந்து நீக்கும் தீர்மானத்தைச் செயற்குழு முன்வைக்கிறது. பொதுக்குழு அதை நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்