கேஸ் இல்லை, எதுக்களிப்பு

தாண்டிக்குடி,
தை மாதம்.

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் கிடைத்தது. களத்தில் காப்பிப் பழம் காய்கிறது. பிற்பகல் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிடுவதால் தார்ப்பாயை இழுத்து மூடுவதும் காலையில் மறுபடி விரிப்பதுமாக ஒரு வாரம் ஓடிவிட்டது. உன் மகளின் வளைகாப்பைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். கடிதத்தின் ஓரத்தில், போகிற போக்கில் ஞாபகம் வந்தாற்போல நீ குறுக்கே எழுதியிருந்த இரண்டு வரிகளுக்குத்தான் இப்போது பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நெஞ்சு எரிகிறது, மெடிக்கலில் கேட்டு ஒரு மாத்திரை வாங்கி எட்டு மாதமாகப் போட்டுக்கொள்கிறேன், நம் வயதுக்கு இதெல்லாம் சகஜம்தானே என்று எழுதியிருக்கிறாய். சகஜம்தான். அந்தச் சொல்லை நம்பித்தான் நானும் ஒன்றரை வருடத்தைத் தொலைத்தேன்.

எனக்கு இது 49 வயதில், ஓர் ஆடி மாதத்தில் ஆரம்பித்தது. இரவு சாப்பிட்டுப் படுத்தால் ஒன்றரை மணி வாக்கில் தொண்டைவரை புளித்த தண்ணீர் ஏறி வரும். மூச்சு அடைத்தாற்போல இருமிக்கொண்டு எழுந்து உட்காருவேன். விளக்கைப் போட்டால் அவருக்குத் தூக்கம் கெடும் என்று இருட்டிலேயே ஜன்னலோரம் உட்கார்ந்து, நாக்கின் அடியில் நிற்கும் அந்தக் காரப் புளிப்பைத் தண்ணீர் குடித்துக் குடித்துக் கழுவுவேன். காலையில் குரல் கரகரத்துப் போயிருக்கும். மேல் தோட்டத்தில் பழம் பறிக்கிற பெண்களைக் கூப்பிட்டால் சத்தம் பாதி வழியிலேயே நின்றுவிடும். விடுதியில் இரவு பதினொரு மணிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தொட்டு ரொட்டி தின்றுவிட்டுக் கல்லைப் போலத் தூங்கிய அதே வயிறா இது என்று நினைத்துக்கொள்வேன்.

ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பூம்பாறையிலிருந்து மலைப்பூண்டு வரவழைத்துப் பூண்டுப்பால் காய்ச்சிக் குடித்தேன். எனக்கு எரிச்சல் கூடியதுதான் மிச்சம். என் மாமியார் மட்டும் ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்தபடியே, "இது கேஸ் இல்ல தாயி, ஒனக்கு எதுக்களிக்குது" என்றார். அந்தச் சொல்லை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் விடியற்காலையில் எரிச்சல் நெஞ்சைத் தாண்டி முதுகின் நடுவரை பரவியபோது, மாரடைப்போ என்று பயந்து ஜீப்பில் கீழே இறங்கினோம். மலையடிவாரத்தில் ஒரு மருத்துவர். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து இதயத்தில் குறையில்லை என்றார். நெஞ்சுவலி என்று வந்தால் முதலில் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும், அதை அவர் முறையாகவே செய்தார். அதற்குப் பிறகுதான் சங்கடம். படுத்தால் மட்டும் வருகிறது, விழுங்கும்போது சில நேரம் நடுநெஞ்சில் ஏதோ தங்குகிறாற்போல இருக்கிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பேனா ஓடத் தொடங்கிவிட்டது. சீட்டை என்னிடம் தரவில்லை. என் கணவரிடம் நீட்டி, "ஒண்ணுமில்ல சார், கேஸ்தான். இந்த வயசுல லேடீஸுக்கு இப்படித்தான் இருக்கும், டென்ஷனைக் குறைக்கச் சொல்லுங்க" என்றார். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான். திரும்பி வரும் வழியில் அவர் சிரித்துக்கொண்டே, "ஒன்றுமில்லையாம், சந்தோஷப்படு" என்றார். கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வந்தேன். ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்டவளுக்கு அடுத்த முறை வலிக்கும்போது வாய் திறக்கவே கூச்சமாகிவிடுகிறது. அந்தக் கூச்சத்திலேயே இன்னும் ஓராண்டு போயிற்று.

விடுதியில் நம் அறைக்கு எதிரே இருந்த விலங்கியல் மாணவிகள் அல்சரைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கிறதா? கவலையாலும் காரத்தாலும் வயிற்றில் புண் வருகிறது என்றுதான் மருத்துவ உலகமே வெகுகாலம் நம்பியிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் அதற்குப் பெரும்பாலும் ஒரு கிருமிதான் காரணம் என்றபோது எளிதில் யாரும் ஏற்கவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, வயிற்றழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அல்சர் வேறு, என்னுடைய தொல்லை வேறு என்பது தெரியும். இருந்தாலும் 'டென்ஷன்' என்று எழுதிக் கேள்வியை மூடிவிடுகிறவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தக் குவளை நினைவுக்கு வருகிறது.

போன வருடம் எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓர் இளம் பெண் மருத்துவர் மாற்றலாகி வந்தார். மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கப் போன இடத்தில், என் இருமலைக் கேட்டு அவராகவே விசாரித்தார். எதுக்களிக்கிறது என்றேன், மாமியாரின் சொல்லைக் கடன் வாங்கி. அவர் முகம் மலர்ந்தது. அதுதான் சரியான சொல் என்றார். உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் ஒரு தசைவளையம் இருக்கிறதாம். விழுங்கும்போது திறந்து உடனே இறுக மூடிக்கொள்ள வேண்டியது, தளர்ந்துபோனால் அமிலம் மேலேறுகிறது. இரைப்பைக்கு அமிலத்தைத் தாங்கும் உள்பூச்சு உண்டு, உணவுக்குழாய்க்கு அப்படி இல்லை. எனவே எரிகிறது. இதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பிறகு அவர் கேட்ட இரண்டு கேள்விகளைத்தான் உனக்கு எழுத நினைத்தேன். முதலாவது, மாத்திரையை எப்போது போடுகிறீர்கள்? மற்ற மாத்திரைகளோடு சேர்த்து இரவு சாப்பாட்டுக்குப் பிறகு என்றேன். பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் வகை மாத்திரைகள் அமிலத்தைச் சுரக்கும் பம்புகளை அவை இயங்குகிற வேளையில்தான் பிடித்து நிறுத்துமாம். உணவு இறங்கும்போது அவை இயங்கத் தொடங்குவதால், சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக, பெரும்பாலும் காலை வெறும் வயிற்றில் போட வேண்டும். கீழே இருந்தவர் எழுதிக் கொடுத்ததும் இதே மாத்திரைதான், வசந்தி! மருந்தில் தவறே இல்லை. சீட்டில் எழுதியிருந்த வேளையை நாங்கள் பார்க்கவில்லையோ, அவர்தான் எழுதவில்லையோ, அந்தச் சீட்டு இப்போது கைவசம் இல்லை. ஆனால் வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் ஓராண்டு மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் என்றேன். அது இரத்தக் குழாய்ச் சுவர்களைத் தளர்த்துவதுபோல அந்தத் தசைவளையத்தையும் தளர்த்தக்கூடும் என்று சொல்லி, டெல்மிசார்டானுக்கு மாற்றிக் கொடுத்து, அழுத்தத்தை இரண்டு வாரம் கவனித்தார். (நீயும் அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவள், இதைப் படித்துவிட்டு நீயாக நிறுத்திவிடாதே, உன் மருத்துவரிடம் கேள்.)

விழுங்கும்போது தங்குகிறது என்றேன் அல்லவா, அதற்காக மதுரைக்கு அனுப்பி எண்டோஸ்கோப்பி பார்க்கச் சொன்னார். தொண்டையில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்துக் குழாயை இறக்கினார்கள். குமட்டியது, கண்ணில் நீர் வந்தது, சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. இரைப்பையின் மேல்நுனி உதரவிதானத்தின் துவாரம் வழியே கொஞ்சம் மேலேறியிருக்கிறது, உணவுக்குழாயில் 5 மில்லிமீட்டருக்கு மேற்படாத சிராய்ப்பு, 'லாஸ் ஏஞ்சலஸ் ஏ' தரம் (இந்தச் சிராய்ப்பை அளக்கும் தரங்களில் மிக லேசானது) என்று எழுதியிருந்தார்கள். தாண்டிக்குடித் தொண்டைக்கு லாஸ் ஏஞ்சலஸ் தரமா என்று வீட்டில் இரண்டு நாள் இதே பேச்சு.

இப்போது இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு முடிந்துவிடுகிறது, படுக்க பத்தாகும். தோட்டத்தில் விழுந்த சில்வர் ஓக் மரத்தில் அரையடிக் கட்டைகள் இரண்டு அறுத்துக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அண்டக் கொடுத்திருக்கிறோம். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்குகிறது, கட்டிலே சரிந்திருக்க வேண்டும். இதன் பலனாக என் கணவர் விடிவதற்குள் கால்மாட்டுக்குச் சறுக்கி வந்துவிடுகிறார். புகார் சொன்னால், டென்ஷனைக் குறையுங்கள் சார் என்கிறேன். இடப்பக்கம் சாய்ந்து படுக்கிறேன். நான்கு கிலோ குறைத்திருக்கிறேன். புளிப்பு ஏறி வரும் இரவுகள் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோதான்.

காப்பியை விட்டதுதான் பெரிய துக்கம். சொந்தக் கொட்டையை வறுத்து அரைத்து, வாசனையிலேயே பக்குவம் சொல்கிறவள், மூன்று மாதம் கிட்டே போகவில்லை. இப்போது காலை இட்லிக்குப் பிறகு அரை டம்ளர் மட்டும் குடித்துப் பார்க்கிறேன், எரியவில்லை. வெறும் வயிற்றில் குடித்த அன்று எரிந்தது.

எட்டு மாதமாகப் போடுகிறவள் நீ. இந்த மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரக்குமாம், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பல வருடம் தொடர்ந்தால் பி12உம் மெக்னீசியமும் குறையக்கூடும், அதனால் ஒரு இரத்தப் பரிசோதனையும் கேட்டுக்கொள். விழுங்குவதில் தடை இருக்கிறதா, காரணமில்லாமல் எடை குறைந்திருக்கிறதா, மலம் கறுத்துப் போகிறதா? ஒன்றுக்கேனும் ஆம் என்றால் என் பதிலுக்குக் காத்திராமல் போய்க் காட்டு. உன் கணவரைக் கூட்டிப் போனால் வெளியே பெஞ்சில் உட்காரச் சொல். சீட்டை நீயே கை நீட்டி வாங்கு.

காப்பிப்பொடி அரைக்கிலோ பார்சலில் வருகிறது, சிக்கரி கலக்காதது. பிரிக்கும் முன் எனக்கு இரண்டு வரி எழுது: என்ன மாத்திரை, எத்தனை மணிக்குப் போடுகிறாய்?

அன்புடன்,
உன் கமலா