விடுபட்ட ஒரு பக்கம்: உயிரியல் பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். 'திருத்திய பதிப்பு' என்று அட்டையில் போட்டிருந்ததை நம்பி உங்கள் புதிய நூலை வாங்கினேன். முதலில் புரட்டியது இனப்பெருக்க மண்டலப் பாடத்தை. ஆண் உடலை நெடுக்காக வெட்டிக் காட்டும் அதே படம், அதே அம்புக்குறிகள், 'பாகங்களைக் குறிக்கவும்' என்ற அதே கேள்வி. தாள் மட்டும் முன்பைவிட வழவழப்பாக இருக்கிறது. இந்தப் பாடம் வந்ததும் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று ஆசிரியர்கள் தாண்டிப்போவது நீங்கள் அறியாததல்ல. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

என் தம்பிக்கு 27 வயது. அவனுடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். திருமணப் பேச்சு முடிவாகும் நேரத்தில் இரண்டு முறை காரணம் சொல்லாமல் விலகினான். மூன்றாம் முறை பேச்செடுத்த இரவில் உடைந்துபோய்ச் சொன்னான்: தன் ஆண்குறி சிறியது, தான் மணவாழ்க்கைக்கு லாயக்கற்றவன். பல வருடங்களாக இதை உள்ளுக்குள் சுமந்திருக்கிறான். நீச்சல் தெரியும்; ஆனால் பிறர் முன் உடை மாற்ற அஞ்சிக் குளத்தில் இறங்கியதில்லை. அவன் அலமாரியில் எண்ணெய்ப் புட்டிகளும் மாத்திரை டப்பாக்களும் இருந்தன. அவற்றுக்கு அடியில் ஓர் அடிக்கோல். புட்டிகளைப் பார்த்துக் கோபப்பட்டேன். அடிக்கோலைப் பார்த்தபோது என்னால் பேச முடியவில்லை.

மருத்துவரிடம் அழைத்துப்போனேன். பரிசோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "எல்லாம் இயல்பாகத்தான் இருக்கிறது" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டான் தம்பி. "இது ஏதாவது புத்தகத்தில் எழுதியிருக்கிறதா, டாக்டர்?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

மருத்துவர் பொறுமையாக ஓர் ஆய்வைக் காட்டினார். 15,521 ஆண்களின் அளவுகளைத் தொகுத்து 2015-இல் வெளியானது. தளர்ந்த நிலையில் சராசரி நீளம் 9.16 செ.மீ.; விறைத்த நிலையில் 13.12 செ.மீ. சராசரி என்றால் ஏறக்குறைய பாதிப் பேர் அதற்குக் கீழே இருப்பார்கள், அதில் குறையொன்றும் இல்லை என்றும் விளக்கினார். குனிந்து பார்க்கிறவனுக்குத் தன்னுடையது குறுகித்தான் தெரியும். எதிரே நிற்பவனுடையது அப்படித் தெரியாது. அடிவயிற்றுக் கொழுப்பு அடிப்பகுதியை மறைக்கும். குளிரிலும் பதற்றத்திலும் சுருங்கும். தளர்ந்த அளவை வைத்து விறைத்த அளவைக் கணிக்க முடியாது. பாதத்தின் நீளத்தை வைத்துக் கணிப்பது வெறும் கதை. விரைகளில் ஒன்று, பெரும்பாலும் இடது, சற்றுத் தாழ்ந்திருப்பது நோயல்ல. லேசான வளைவும் இயல்புதான். முன்பு இல்லாத வளைவு வலியோடு வந்தாலோ, விரையில் கட்டி தென்பட்டாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். விந்து ரத்தத்திலிருந்து வடிவதும் அல்ல. அதில் பெரும்பகுதி விந்துப்பைகளும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் திரவம்.

இன்னொன்றும் சொன்னார். 2006-இல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பில், தங்கள் துணைவரின் அளவு போதும் என்ற பெண்கள் 85 சதவீதம். தங்கள் அளவு போதும் என்ற ஆண்களோ 55 சதவீதம். தம்பி அன்றைக்கு அங்கேதான் முதல் முறையாகச் சிரித்தான்.

இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கும். அந்த ஒரு பக்கத்தை எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். அமீபாவின் போலிக்கால்களுக்கு ஒதுக்கிய இடத்தில் பாதி போதும். அமீபா தன் உருவத்தை எண்ணித் தூக்கம் கெட்டதாகத் தகவல் இல்லை.

பெற்றோர் எதிர்ப்பார்கள் என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். ஆனால் நீங்கள் விட்டுவைத்த பக்கம் வெறுமையாக இல்லை. 'இளமைத் தவறுகள்', 'நரம்புத் தளர்ச்சி' என்று மிரட்டி விற்கிறவர்கள் அதை நிரப்பிவிட்டார்கள். நடிப்பதற்கென்றே பொறுக்கியெடுத்த உடல்களைக் காட்டும் ஆபாசப் படங்கள் மிச்சத்தை நிரப்பிவிட்டன. 'இயற்கை மருந்து' என்று விற்கப்படும் மாத்திரைகள் சிலவற்றில், விறைப்புக் குறைபாட்டுக்குத் தரப்படும் சில்டெனாஃபில் என்ற மருந்து சொல்லாமல் கலந்திருப்பது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. இதய நோய்க்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் அதை விழுங்கினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பேசாமல் அந்த வியாபாரிகளையே உங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளலாமே. பாடம் நடத்துகிறவர்கள் அவர்கள்தான், மதிப்பூதியமாவது முறைப்படி போகும்.

மன்னிக்கவும். கோபம் முந்திக்கொண்டது. பாடத்திட்டம், பக்க வரம்பு, மேலிடத்து ஒப்புதல் என்று உங்களுக்கும் நெருக்கடிகள் இருக்கும். அவற்றுக்கிடையே இந்த வேண்டுகோளைப் பரிசீலிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த பதிப்பில் அந்த ஒரு பக்கம் வேண்டும். பின்னிணைப்பில் வேண்டாம், படத்துக்குப் பக்கத்திலேயே வேண்டும். தேர்வில் அதிலிருந்து ஒரு கேள்வியும் வேண்டும். இல்லாவிட்டால் அதையும் வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள்.

வரைவு தயாரானால் அனுப்பிவையுங்கள். எந்த வரி புரியவில்லை, எந்த வரி இன்னும் பயமுறுத்துகிறது என்று படித்துப் பார்த்துச் சொல்ல என் தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
ஓர் அண்ணன்