அப்பா போஸ்ட் ஆபீஸில் இருந்தார் என்று சொன்னாயாமே

தாயி,

தம்பி பட்டாளத்தில் சேரப் பார்க்கிறான், தடுங்கள் என்று சண்டை போட்டு நீ கோபத்தில் போனை வைத்து மூன்று நாள் ஆகிறது. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம் என்று பார்த்தேன், நடுவில் தொண்டை அடைக்கிறது, நீயும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய். அதனால் உட்கார்ந்து டைப் செய்கிறேன். பிழை இருந்தால் போனைத் திட்டு, என்னைத் திட்டாதே. திட்ட வேண்டியது வேறு நிறைய இருக்கிறது.

முதலில் எனக்கு வலித்ததைச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் நீ குடியிருக்கும் ஸ்கார்பரோ வீட்டுக்கார அன்ரி உன் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டதற்கு, போஸ்ட் ஆபீஸில் இருந்தார் என்று சொன்னாயாமே. உன் தம்பிதான் வாய்தவறி உளறினான். பதினேழு வருசம் பட்டாளத்தில் கிடந்தவன் நான். நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று புரியாமல் இல்லை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், 1987-ல் அண்ணனைப் பறிகொடுத்தவர், அவர் வாயால் 'இந்தியன் ஆமி' என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் அந்த வீட்டில் சோறு தின்கிற பிள்ளைக்கு வேறு பதில் வராது. புரிகிறது, ஆனாலும் வலித்தது.

அன்று நீ இரண்டு விஷயம் கேட்டாய், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் நடந்தது உண்மையா, தப்பான கட்டளை வந்தால் மீறியிருப்பீர்களா என்று. மூன்றாவதாக ஒன்று சொன்னாய். சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சம்பளத்துக்குக் கொலை செய்கிற வேலை என்றாய்.

சம்பளத்துக்குத்தான் போனேன். 1983-ல் எனக்குப் பத்தொன்பது வயது, தனுஷ்கோடியைப் புயல் அடித்த 1964-ஆம் வருசத்துப் பிள்ளை நான். கண்மாயில் தண்ணீர் கிடையாது. கருவேலமரம் வெட்டிக் கரிமூட்டம் போடலாம், அடுத்தவன் வள்ளத்தில் கூலிக்குப் போகலாம், இல்லாவிட்டால் துபாய், அதற்கு ஏஜென்ட்டிடம் கட்டப் பணம் வேண்டும். பட்டாளத்துக்கு ஓடத் தெரிந்தால் போதும். நாட்டுப்பற்று என்று நாங்கள் யாரும் அன்று பேசிக்கொண்டதில்லை, அதெல்லாம் ரிட்டயர் ஆன பிறகு ஆகஸ்ட் பதினைந்துக்குப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு மைக்கைக் கொடுக்கும்போது வருவது. நீ படித்த படிப்பும் அந்தச் சம்பளமும் அப்புறம் வந்த பென்ஷனும்தான், இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, கணக்கில் இருக்கட்டும் என்று சொல்கிறேன். சம்பளம் வாங்கியதால் ஒருவன் செய்தது சரியாகவும் ஆகாது, தப்பாகவும் ஆகாது. என்ன செய்தான் என்றுதான் பார்க்க வேண்டும்.

சரி, என்ன செய்தேன்.

1987 ஜூலை 29-ல் கொழும்பில் நம்ம பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள், அடுத்த மாசம் அமைதிப்படை என்று நாங்கள் யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கினோம். ஜனங்கள் மாலை போட்டார்கள். உண்மையாகவே போட்டார்கள், தாயி, லாரிக்குள் பூவை எறிந்தார்கள், கிழவிகள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் நம்ம ஊர்க்காரன் நான் பஞ்சாபைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தேன். சின்ன வயசில் இலங்கை வானொலி கேட்டே வளர்ந்ததால் அவர்கள் பேச்சு எனக்குத் தண்ணீர் மாதிரி. எங்கள் பிரிவில் தமிழ் தெரிந்தவர்கள் ஐந்தாறு பேர், அதில் கோயம்புத்தூர்க்காரனுக்கே அந்தத் தமிழ் பாதிதான் ஏறும். ஆகவே மொழிபெயர்க்கிற வேலை என் தலையில் விழுந்தது.

செப்டம்பர் 26-ல் நல்லூரில் விடுதலைப் புலிகளின் திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்தார். அக்டோபர் 10-ல் புலிகளோடு சண்டை. மாலை விழுந்த கழுத்துக்கும் முதல் குண்டுக்கும் நடுவே இரண்டரை மாசம்கூட இல்லை. காப்பாற்ற என்று போன படை, சுடுகிற படை ஆனது. இதில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று எழுதத் தொடங்கினால் உனக்கும் எனக்கும் இன்னொரு மூன்று நாள் பேச்சு நின்றுவிடும், எனவே தாண்டிப் போகிறேன். நீ கேட்ட ஆஸ்பத்திரி விஷயம் நடந்ததுதான். அக்டோபர் 21, தீபாவளி அன்று, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸுகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு பக்கமும் சுட்டுக்கொண்டதில் நடந்தது என்று ராணுவம் சொன்னது, உயிர் தப்பியவர்கள் சொன்னது வேறு. நான் அங்கே இல்லை. இல்லை என்று எழுதும்போது எனக்கு ஒரு நிம்மதி வருகிறது பார், அந்த நிம்மதியே கேவலமாக இருக்கிறது. ஒரு மாசம் கழித்து, நவம்பர் 25-ல், மேஜர் பரமேஸ்வரன் நெஞ்சில் குண்டு வாங்கியும் சண்டை போட்டுச் செத்தார், அவருக்குப் பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். அதே ராணுவம்தான், அதே இலையுதிராத பனங்காடுதான். நீ ஒன்றை வைத்துப் பேசுகிறாய், ரிட்டயர் ஆன என் கூட்டாளிகள் இன்னொன்றை வைத்துப் பேசுகிறார்கள், இரண்டும் ஒரே மாலையில் கோத்த மணி என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

இப்போது, இத்தனை வருசம் நான் யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன். உன் அம்மாவுக்கும் தம்பிக்குமே போன மாசம்தான் தெரியும்.

மறு வருசம், ஒரு சந்தியில் சென்ட்றி காவல். ஊர்ப்பெயர் வேண்டாம். முந்தின நாள் சுற்றிவளைப்பில் பிடித்த பையன்களில் ஒருவனுடைய அம்மா வந்து நின்றார். என் பேச்சைக் கேட்டதும், "தம்பி, நீங்கள் தமிழோ" என்றார். ஆமாம், ராமநாதபுரம் என்றேன். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னால் எழுத முடியாது. "என்ர பெடியன் உள்ளுக்கு நிக்கிறானோ எண்டு ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ" என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்த்தேன். அவனை அன்று காலையே வேறு முகாமுக்கு ஏற்றிவிட்டார்கள், எந்த முகாம் என்பதும் எனக்குத் தெரிந்தது. மறுநாள் அவர் திரும்ப வந்தபோது, தெரியவில்லை அம்மா என்று சொல்லிவிட்டேன்.

யாரும் எனக்குக் கட்டளை போடவில்லை. அதைத்தான் நீ கவனிக்க வேண்டும். முகாம் விஷயத்தை வெளியே பேசக்கூடாது என்பது பொதுவான பழக்கம், அவ்வளவுதான். நான் முகாம் பெயரை முணுமுணுத்திருந்தால் ஒரு காக்கைக்கும் தெரிந்திருக்காது. சொன்னால் நாளைக்கு இன்னும் பத்து அம்மாக்கள் என்னைத் தேடி வருவார்கள், எவனாவது பார்த்து நீ எந்தப் பக்கம் என்று கேட்பான், எதற்கு வம்பு. தொல்லை வேண்டாம் என்றுதான், வேறு காரணமே இல்லை.

மூன்றாவது நாள் வாழையிலையில் கட்டிக்கொண்டு வந்தார். புட்டும் சம்பலும். பையனுக்குக் கொடுங்கோ என்றார். நான் வாயைத் திறக்காமல் நின்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, "அவனுக்குக் குடுக்க ஏலாட்டி நீங்கள் சாப்பிடுங்கோ தம்பி, ஆறப்போகுது" என்று மணல்மூட்டை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சாப்பிட்டேன். மாசக்கணக்கில் ரொட்டியும் பருப்பும் தின்ற வாய், சூடு ஆறுவதற்குள் முழுவதும் சாப்பிட்டேன். அன்றிலிருந்து நான் புட்டைத் தொடுவதே இல்லை என்று எழுதினால் இந்தக் கடிதம் நன்றாக இருக்கும். ஆனால் நீயே பார்த்திருக்கிறாய், உன் அம்மா அவித்தால் இரண்டாவது தடவையும் போட்டுக்கொள்வேன்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று தெரியாது. இந்தத் தெரியாது உண்மையான தெரியாது.

நான் திரும்பி வந்த பிறகு, 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் சென்னைக்கு வந்தது. தமிழரைக் கொன்ற படை என்று முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. எங்கள் பக்கம் ஏறத்தாழ 1,200 பேர் செத்திருந்தார்கள், எனக்கு அன்று ரத்தம் கொதித்தது, பேரக்ஸில் நாங்கள் பேசாத பேச்சில்லை. அதே வருசம் ஜூனில் அங்கே மறுபடி சண்டை பிடித்து ஜனங்கள் படகு படகாக இங்கே வந்து இறங்கினார்கள். லீவுக்கு வந்திருந்தேன். உன் அப்பத்தா ஒரு குத்துச்சட்டி நிறையக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு மண்டபம் முகாமுக்குக் கிளம்பியது, தூக்கிவர என்னைக் கூப்பிட்டது, கிளம்பும்போது என் பட்டாளத்துப் பேண்ட்டைப் பார்த்து, "வேட்டியைக் கட்டிக்கிட்டு வாடா" என்றது. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. முகாமில் ஒவ்வொரு கிழவி முகமும் எனக்கு அந்த அம்மா மாதிரியே இருந்தது, சட்டியை இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்து நின்றுகொண்டேன்.

நீ கேட்டாய், தப்பான கட்டளை வந்தால் மீறியிருப்பீர்களா என்று. 1950 ராணுவச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு கட்டளையை மீறினால் தண்டனை என்கிறது, ஆனால் அதில் 'சட்டப்படியான கட்டளை' என்றுதான் இருக்கிறது. நான் ரிட்டயர் ஆன பிறகுதான் அந்த ஒரு சொல்லைக் கவனித்தேன், சர்வீஸில் இருந்தவரை தண்டனை எத்தனை வருசம் என்பது மட்டும்தான் மண்டையில் நின்றது. வியட்நாமில் மை லாய் கிராமத்தில் 1968 மார்ச் 16-ல் அமெரிக்கச் சிப்பாய்கள் ஊரையே சுட்டுக்கொண்டிருந்தபோது, ஹ்யூ தாம்சன் என்ற அவர்கள் ஹெலிகாப்டர் பைலட்டே சிப்பாய்களுக்கும் ஜனங்களுக்கும் நடுவில் ஹெலிகாப்டரை இறக்கி, இவர்கள் மேல் சுட்டால் நம்ம ஆள்களையே திருப்பிச் சுடுங்கள் என்று தன் கன்னர்களிடம் சொல்லிவிட்டுப் போய், பதுங்கியிருந்தவர்களை வெளியே எடுத்தார். முப்பது வருசம் கழித்து 1998-ல்தான் அதற்கு மெடல் கொடுத்தார்கள். நம்ம உச்சிப்புளி வீட்டுக்கு மேலே கடற்படையின் பருந்து தளத்து ஹெலிகாப்டர் போகும்போதெல்லாம் அவர் ஞாபகம் எனக்கு. அவர் செய்த அளவுக்கு எனக்குத் தைரியம் இருந்திருக்காது, அது வேறு. ஆனால் என்னிடம் யாரும் அவ்வளவு கேட்கவே இல்லையே. ஒரு முகாமின் பெயர், ஒரே சொல், அதைச் சொல்ல என்ன தைரியம் வேண்டும்?

அதனால்தான் நீ சொல்கிற, ராணுவமே வேண்டாம் என்கிற பேச்சும் எனக்கு ஒட்டவில்லை. அதில் நீ ரொம்ப சுலபமாகத் தப்பித்துக்கொள்கிறாய். நம்ம ஊர் டீக்கடைக்கு வா. 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்துப் பையன் கடலில் சுடப்பட்டுச் செத்தபோது, துப்பாக்கியைக் கையால் தொடாதவன் எல்லாம் நம்ம நேவி என்ன புடுங்குது, திருப்பிச் சுட வேண்டியதுதானே என்றான். யாரைச் சுடுவது? அந்தப் பக்கம் வலை போடுகிறவனும் தமிழன், நம்ம விசைப்படகு இழுவை மடி அவன் வலையை அறுத்துக்கொண்டு வருகிறது என்று அவனுக்கும் வயிறு எரிகிறது. இதைச் சொன்னதற்கு, மிலிட்டரிக்காரன் பேசுற பேச்சா இது என்று கேட்டார்கள். உனக்கு நான் கொலைகாரன், அவர்களுக்கு நான் கோழை. செத்தவன் வீட்டுக்கு ஒரு பதில் வேண்டும் என்பதும் நிஜம், எல்லையில் யாரும் நிற்கவே வேண்டாம் என்று அந்த வீட்டு வாசலில் நின்று என்னால் சொல்ல முடியாது. நிற்பவன் எப்படிப்பட்டவன் என்பதில்தான் எனக்குக் கவலை.

இனி தம்பி விஷயம். அவன் சேரப் பார்க்கிற இந்த அக்னிவீர் திட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. நாலு வருசம், நூற்றுக்கு இருபத்தைந்து பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள், மற்றவனுக்குப் பதினொன்றரை லட்சம் சொச்சத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள், பென்ஷன் கிடையாது. நாலு வருசத்தில் சுடப் பழக்கிவிடலாம். நான் அந்த அம்மாவிடம் பொய் சொன்னபோது எனக்குச் சர்வீஸ் ஐந்து வருசம்.

அவனைத் தடுக்கச் சொல்கிறாய். போன மாசம் அரியமான் கடற்கரைக்குக் கூட்டிப்போய், மணலில் உட்காரவைத்து, மேலே எழுதியது எல்லாவற்றையும் சொன்னேன். அவன் போகாமல் இருக்க வேண்டும் என்ற ஆசையில்தான் சொன்னேன், ஒளிக்கவில்லை. முழுக்கக் கேட்டான். "அந்தப் பையன் பேரு என்னப்பா?" என்றான். அந்த அம்மா மூன்று நாளும் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் கேட்டார், எனக்கு மறந்துவிட்டது. அவன் ரொம்ப நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தான், வீடு வரைக்கும் என்னோடு பேசவில்லை. மறுநாள் காலை ஐந்து மணிக்கு ஷூவை மாட்டிக்கொண்டு ஓடப் போய்விட்டான். இன்றைக்கும் போயிருக்கிறான். கோபமா, முடிவா, இரண்டுமா, எனக்கு விளங்கவில்லை. நீ பேசு. என்னைவிட உன்னிடம் திறந்து பேசுவான், ஆனால் கொலை என்று ஆரம்பிக்காதே, காதை மூடிக்கொள்வான்.

அந்த அன்ரியிடம் போஸ்ட் ஆபீஸைத் திருத்திவிடு. நான் செய்ததை எல்லாம் நீ சொல்ல வேண்டியதில்லை, அவர் கேட்டால் என் நம்பரைக் கொடு, எந்த நேரமானாலும் எடுப்பேன். அவர் திட்டினால் கேட்டுக்கொள்வேன். அண்ணன் பெயரையும் ஊரையும் சொன்னால் எழுதி வைத்துக்கொள்வேன். வீட்டைக் காலி செய்யச் சொன்னால் உடனே சொல்லு, அங்கே புது வீட்டுக்கு இரண்டு மாச வாடகை முன்பணம் கேட்பார்கள் என்று சொல்லியிருக்கிறாயே, பென்ஷன் அக்கவுண்டில் இருக்கிறது, அனுப்பிவிடுகிறேன்.

அப்பா